கடவுச்சொல் மேலாளர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை முன்னும் பின்னும் சிறிது மாற்றிப் பயன்படுத்தி வருகிறீர்கள், இனி ஒரு கடவுச்சொல் மேலாளருக்கு, அதாவது பாஸ்வேர்ட் மேனேஜருக்கு, மாற எண்ணுகிறீர்கள், பிரவுசரே சேமித்துத் தருவது போதாதா, போதாதென்றால் பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட், கீபாஸ் ஆகியவற்றில் எது உகந்தது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பது ஆபத்தாகாதா என்பவை உங்கள் ஐயங்கள். கடைசி ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டுக்கும் விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும்.

இன்று நீங்கள் இருக்கும் நிலையும் ஒரே இடத்தில் குவித்த நிலைதான். பத்து தளங்களுக்கு ஒரே சொல் என்றால், அந்தப் பத்தில் மிகவும் அசட்டையாக நடத்தப்படும் தளம் எதுவோ அதன் பாதுகாப்புதான் உங்கள் மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் பாதுகாப்பு. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எவ்விதக் குறியாக்கமும் (என்கிரிப்ஷன்) இல்லாமல் அப்படியே வெளியே போயின. அத்தகைய பட்டியல்கள்தான் இன்றைய தாக்குதல்களுக்கு மூலப்பொருள். ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்து, வேறு பல தளங்களில் தானியங்கி நிரல்கள் முயன்று பார்க்கின்றன. இறுதியில் ஓர் எண்ணைச் சேர்ப்பது, முதலெழுத்தைப் பெரிதாக்குவது, தளத்தின் பெயரை ஒட்டவைப்பது போன்ற மாற்றங்களை அந்த நிரல்களை எழுதுபவர்கள் நன்றாகவே அறிவார்கள். அவற்றையும் விதிகளாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் உங்கள் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் கடந்துபோக நான் விரும்பவில்லை, ஏனெனில் அது நடந்திருக்கிறது. லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளரை நடத்தும் நிறுவனம் 2022 ஆகஸ்டில் தன் மென்பொருள் உருவாக்கப் பகுதிக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய, அதாவது அவர்களுடைய கடவுச்சொற்கள் யாவும் சேமிக்கப்பட்ட தொகுப்புகளுடைய, காப்பு நகல்களே எடுத்துச் செல்லப்பட்டுவிட்டன என்று சொல்ல வேண்டியதாயிற்று. மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் விசையழுத்தங்களைப் பதிவுசெய்யும் தீநிரலை நுழைத்து, அவருடைய பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்து, அதன் வழியே கிளவுட் சேமிப்பகத்துக்குள் புகுந்திருந்தார்கள். பெட்டகங்களில் இருந்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்பதைக் காட்டும் முகவரிகள் குறியாக்கம் இல்லாமலே இருந்தன. யாருடைய பெட்டகத்தை உடைத்தால் பலன் அதிகம் என்பதைத் திருடன் உடைக்காமலே தெரிந்துகொள்ள இது போதும்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, அது எல்லாரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை என்பதுதான். நீங்கள் தட்டச்சு செய்யும் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து குறியாக்கத் திறவுகோலைப் பெற, மேலாளர்கள் ஒரு கணக்கீட்டை வேண்டுமென்றே பல்லாயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்கின்றன. உங்களுக்கு அது ஒரு நொடிக்கும் குறைவான தாமதம். கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிப்பவனுக்கோ ஒவ்வோர் ஊகத்துக்கும் அந்தத் தாமதம் உண்டு. லாஸ்ட்பாஸில் அப்போது புதிய கணக்குகளுக்கு 1,00,100 சுற்றுகள் இருந்தன. பழைய கணக்குகள் சிலவோ 5,000 சுற்றுகளிலும் அதற்குக் கீழும் நின்றுவிட்டிருந்தன. பழைய கணக்கும் எளிய முதன்மைக் கடவுச்சொல்லும் சேர்ந்தவர்களுக்கு உண்மையான ஆபத்து. நீண்ட, ஊகிக்க முடியாத சொற்றொடர் வைத்திருந்தவர்களின் பெட்டகம் திருடன் கையிலும் பூட்டியே இருக்கும். இதில் இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு: நகல் போன பிறகு முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. திருடனிடம் இருக்கும் நகலைத் திறப்பது பழைய சொல்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தளத்தின் கடவுச்சொல்லையும் மாற்றினால்தான் அந்த நகல் வெற்றுக் கோப்பாகும்.

ஆகவே நான் எந்த மேலாளரையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். பெட்டகத்தின் நகல் திருடன் கைக்குப் போனால் என்ன ஆகும்? திறவுகோல் உங்கள் கையைவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஒப்பீட்டு அட்டவணைகளில் வரிசைகட்டி நிற்கும் மற்ற வசதிகள் யாவும் இவற்றுக்குப் பின்னால்தான்.

முதல் கேள்விக்கு மூன்று மேலாளர்களும் தரும் விடைகள் வெவ்வேறு. ஒன்பாஸ்வேர்டில் கணக்குத் தொடங்கும்போது, உங்கள் சாதனத்திலேயே 128 பிட் அளவுள்ள ரகசியத் திறவுகோல் ஒன்று உருவாகிறது. அது நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பப்படுவதில்லை. முதன்மைக் கடவுச்சொல்லும் அதுவும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். சர்வரிலிருந்து நகலைத் திருடியவன், நீங்கள் எவ்வளவு எளிய சொல்லை வைத்திருந்தாலும், அந்த ரகசியத் திறவுகோலையும் சேர்த்து ஊகித்தாக வேண்டும். அது நடைமுறையில் முடியாத காரியம். பயனரின் கவனக்குறைவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பிட்வார்டனில் அத்தகைய இரண்டாவது திறவுகோல் இல்லை. பாதுகாப்பின் முழுச் சுமையும் உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லின் மேல் விழுகிறது. ஆனால் 2023இல் அதன் இயல்புநிலைச் சுற்றுகள் 6,00,000 ஆக உயர்த்தப்பட்டன. கூடுதலாக நினைவகத்தையும் பெருமளவில் கேட்கும் ஆர்கான்2 என்ற முறையும் சேர்க்கப்பட்டது. தள முகவரிகளும் குறியாக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால், அமைப்புகளுக்குள் சென்று சுற்றுகளின் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீபாஸில் திருடுவதற்கு நிறுவனத்தின் சர்வரே இல்லை. உங்கள் பெட்டகம் உங்கள் கணினியில் இருக்கும் ஒரு கோப்பு. அதை எங்கே வைக்கிறீர்கள், யாருக்கு எட்டும்படி வைக்கிறீர்கள் என்பது முழுவதும் உங்கள் பொறுப்பு. திறவுகோல் கோப்பு ஒன்றை உருவாக்கிச் சேர்த்துக்கொண்டால், அதிலும் இரண்டாவது திறவுகோல் கிடைத்துவிடும்.

நிரலின் மூலக்குறி (சோர்ஸ் கோட்) எவரும் படிக்கும்படி திறந்திருக்கிறதா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. பிட்வார்டன், கீபாஸ், 2023இல் வந்த புரோட்டான் பாஸ் ஆகியவற்றின் செயலிகளுக்கு மூலக்குறி வெளிப்படையாக இருக்கிறது. ஒன்பாஸ்வேர்டுடையது இல்லை, ஆனால் அது வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து அறிக்கைகளை வெளியிடுகிறது. திறந்த மூலம் என்பதாலேயே பிழை இராது என்று நினைத்துவிட வேண்டாம்: கீபாஸிலேயே, முதன்மைக் கடவுச்சொல்லை முதலெழுத்து நீங்கலாகக் கணினியின் நினைவகத்திலிருந்து மீட்டெடுக்க வழிவிடும் பிழை 2023இல் வெளிவந்து, 2.54 பதிப்பில் திருத்தப்பட்டது. மறுபுறம், மேலாளர்களின் உள்ளே நடப்பதை வெளியார் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்குக் காஸ்பர்ஸ்கியின் மேலாளர் ஓர் எடுத்துக்காட்டு. அதன் கடவுச்சொல் உருவாக்கி, தற்செயல் எண்களை உருவாக்கும் கணக்கீட்டின் தொடக்க எண்ணாக, அதாவது வித்தாக, நடப்பு நேரத்தின் நொடியை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே நொடியில், ஒரே அமைப்புகளோடு பொத்தானை அழுத்தியவர்களுக்கு ஒரே கடவுச்சொல்தான் கிடைக்கும். ஒரு நாளில் 86,400 நொடிகளே இருப்பதால், கணக்குத் தொடங்கிய நாள் தெரிந்தவனுக்குச் சோதிக்க வேண்டியவை ஒரு லட்சத்துக்கும் குறைவு. 2021இல் லெட்ஜர் நிறுவனத்தின் ஆய்வுக்குழு இதன் முழு விவரத்தையும் வெளியிட்டது, பிழை திருத்தப்பட்டது. பார்வைக்குப் புரியாத எழுத்துக் குவியலாக இருப்பதும் உண்மையில் தற்செயலாக இருப்பதும் வேறு வேறு என்பதைப் பயனர் திரையைப் பார்த்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

இனி பிரவுசரைப் பற்றி. குரோம், சஃபாரி போன்றவை தரும் சேமிப்பை ஏளனமாகப் பேசுவது தொழில்நுட்பம் அறிந்தவர்களிடையே வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சொல்லைப் பத்து இடங்களில் வைத்திருப்பவர், இன்றே பிரவுசரின் மேலாளரைத் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டால், அவருடைய பாதுகாப்பில் நிகழக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் சாதனங்கள் யாவும் ஆப்பிளுடையவை என்றால், 2024இல் ஐஓஎஸ் 18 உடன் வந்த பாஸ்வேர்ட்ஸ் என்ற தனிச் செயலி அன்றாடத் தேவைக்குப் போதுமானது. கூகுளின் மேலாளரைப் பயன்படுத்துவதானால், குறியாக்கத் திறவுகோல் உங்கள் சாதனத்திலேயே இருக்கும்படி செய்யும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.

நான் தயங்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, இவற்றில் பெட்டகத்தின் கதவும் கைப்பேசியின் கதவும் ஒன்றாகவே இருப்பது. நீங்கள் நான்கோ ஆறோ இலக்கம் தட்டுவதை அருகில் நின்று பார்த்துவிட்டுக் கைப்பேசியையும் பறித்துச் செல்பவனுக்கு, எல்லாக் கடவுச்சொற்களும் திறந்துவிடக்கூடும். இதைத் தடுக்கவே ஆப்பிள் 2024 ஜனவரியில், ஐஓஎஸ் 17.3 பதிப்பில், திருடப்பட்ட சாதனத்துக்கான பாதுகாப்பு என்ற அமைப்பைச் சேர்த்தது. அதை இயக்கி வையுங்கள். இரண்டாவது, அந்த நிறுவனத்தில் உங்கள் கணக்கு ஏதோ காரணத்தால் முடக்கப்பட்டால், மின்னஞ்சல், படங்கள், கடவுச்சொற்கள் என அனைத்தும் ஒரே சமயத்தில் எட்டாமல் போகும் நிலை. வீட்டில் ஒருவரிடம் ஐபோன், இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு, மேசையில் விண்டோஸ் என்று கலந்திருந்தாலும் தனி மேலாளரே எளிது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மேலாளரின் மிகப் பெரிய பயனாக நான் கருதுவது அது நினைவில் வைத்துக்கொள்வதை அன்று. அது முகவரியைப் பார்ப்பதைத்தான். வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு குறுஞ்செய்தி வருகிறது, இணைப்பைத் தொடுகிறீர்கள், நிறமும் இலச்சினையும் அச்சாக அதே பக்கம் திறக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து இரட்டித்திருப்பதை அவசரத்தில் கண் பார்க்காது. மேலாளர் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதால், வழக்கமாகத் தானே நிரப்பும் பெட்டி வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையைப் பார்த்ததும் பலர் செய்வது, செயலி ஏதோ கோளாறாகிவிட்டது என்று எண்ணி, மேலாளரைத் திறந்து, கடவுச்சொல்லைத் தேடி நகலெடுத்து ஒட்டுவது. அங்கேதான் கை நிற்க வேண்டும். நிரப்ப மறுப்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு முகவரிப் பட்டையைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், போலித் தளங்களில் பெரும்பாலானவை உங்களிடம் தோற்றுப்போகும். அதே நேரத்தில், பக்கம் திறந்தவுடன் நீங்கள் எதையும் தொடாமலே நிரப்பிவிடும் அமைப்பு இருந்தால் அதை அணைத்து வைப்பது நல்லது. மேலாளர்களின் பிரவுசர் நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்) காட்டும் நிரப்பும் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, வேறெதையோ சொடுக்குவதாக நினைக்கும் பயனரையே அதைச் சொடுக்க வைக்கும் உத்தி 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கப்பட்டது. பரவலாகப் பயன்படும் பல மேலாளர்கள் அதற்கு இடம் கொடுத்திருந்தன. நீட்டிப்பைப் புதுப்பித்த நிலையில் வைத்திருப்பது இதனால்தான் முக்கியம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலாளர்களைப் பரிந்துரைப்பவர்கள் இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள்; எனக்கோ இதுதான் மிகுந்த கவலை தருவது. பிட்வார்டனோ ஒன்பாஸ்வேர்டோ உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை அறிந்திருக்கவில்லை. வடிவமைப்பே அப்படி. மறந்துவிட்டேன் என்று தனிநபர் ஒருவர் அவர்களிடம் எத்தனை ஆதாரங்களோடு போய் நின்றாலும், அவர்களால் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. திருடனைத் தடுக்கும் அதே கதவு உங்களையும் தடுக்கும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. மேலாளருக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருக்கிறீர்கள். அதற்கான ஆறிலக்கக் குறியீடு கைப்பேசியில் உள்ள ஒரு செயலியில் வருகிறது. கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. புதிய கைப்பேசியில் மேலாளரைத் திறக்கக் குறியீடு வேண்டும். குறியீட்டுச் செயலியின் காப்பு நகலை மீட்க மின்னஞ்சலுக்குள் நுழைய வேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ மேலாளருக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் இந்த வட்டத்திலிருந்து வெளியேற இணையத்தில் வழியில்லை, காகிதத்தில்தான் உண்டு. முதன்மைக் கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடு, முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல், ஒன்பாஸ்வேர்ட் என்றால் ரகசியத் திறவுகோல் ஆகியவற்றை ஒரு தாளில் கையால் எழுதி, சொத்துப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒன்பாஸ்வேர்ட் இதற்கென்றே அச்சிடத்தக்க அவசரத் தாள் ஒன்றைத் தருகிறது. கடவுச்சொல்லை எழுதி வைக்கவே கூடாது என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை, அலுவலக மேசையில் கணினித் திரையோரம் ஒட்டிவைத்த சீட்டுகளை நினைத்துச் சொல்லப்பட்டது. வலைப்பின்னலின் மறுமுனையில் இருக்கும் திருடன் உங்கள் அலமாரியைத் திறக்க வரப்போவதில்லை.

அந்தத் தாள் உங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. நீங்கள் இல்லாதபோது குடும்பத்தார் மின்கட்டணம் முதல் காப்பீடு வரை எல்லாவற்றையும் தேடியாக வேண்டும். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில், நீங்கள் நம்பும் ஒருவரை அவசரகால அணுகலுக்கு நியமிக்கலாம். அவர் கோரிக்கை வைத்து, நீங்கள் குறித்த நாள்களுக்குள் மறுக்காமல் இருந்தால், பெட்டகம் அவருக்குத் திறக்கும். ஒன்பாஸ்வேர்டின் குடும்பத் திட்டத்தில் குடும்ப ஒருங்கிணைப்பாளர் மற்றவர்களின் கணக்கை மீட்டுத் தர முடியும். கணினியோடு அதிகப் பழக்கமில்லாத பெற்றோருக்கு மேலாளர் அமைத்துத் தருபவர்களுக்கு இந்த ஒரு வசதியே அந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணம். கீபாஸில் இப்படி எதுவும் இல்லை. கோப்பு எங்கே, சொல் என்ன என்பதை நீங்களே தாளில் எழுதி வைத்தால் உண்டு.

முதன்மைக் கடவுச்சொல்லை எப்படி அமைப்பது? 1995இல் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் வகுத்த டைஸ்வேர் முறையை விடச் சிறந்ததை நான் அறியேன். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விளைவுகளில் ஒன்று கிடைக்கும்; அதே எண்ணிக்கையுள்ள சொற்பட்டியலில் அதற்கு நேரே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு சொற்களுக்கே சுமார் 36 கோடி கோடி வாய்ப்புகள். அடுத்தடுத்துச் சேரும் ஒவ்வொரு சொல்லும் அதை 7,776 மடங்கு பெருக்கும். ஐந்து அல்லது ஆறு சொற்கள் வையுங்கள். சொற்களை நீங்களே நினைத்து எடுத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது; பகடைதான் தேர வேண்டும். பிடித்த பாடல் வரியோ குறளோ வேண்டவே வேண்டாம், அவை ஊகிப்பவர்களின் பட்டியலில் இருக்கும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுத நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ழகரத்தையும் நெடிலையும் நாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். எந்த எழுத்துக்கூட்டல் என்று மறந்தால் கதவு திறக்காது.

இப்போது நேரடியான விடை. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது பிட்வார்டன். கட்டணமில்லாத் திட்டத்திலேயே கடவுச்சொற்களின் எண்ணிக்கைக்கும் சாதனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை, எல்லா இயங்குதளங்களிலும் கிடைக்கிறது, மூலக்குறி திறந்திருக்கிறது, வெளியேற நினைத்தால் முழுவதையும் ஏற்றுமதி செய்யலாம். அதன் திரைகள் ஒன்பாஸ்வேர்டின் அளவுக்கு இழைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சில தளங்களில் நிரப்புவதற்குக் கூடுதலாக ஒரு சொடுக்கு தேவைப்படும். கட்டணம் செலுத்த முடிந்த குடும்பத்துக்கு, அதிலும் நீண்ட முதன்மைக் கடவுச்சொல் வைக்க மறுப்பவர்கள் உள்ள குடும்பத்துக்கு, ஒன்பாஸ்வேர்ட். எந்த நிறுவனத்தையும் நம்ப விரும்பாதவருக்கும், கோப்புகளைக் காப்பு எடுப்பதில் ஏற்கெனவே ஒழுங்குள்ளவருக்கும் கீபாஸ் வகை: கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நாளில் தனித்தனியாகத் திருத்தினால் கோப்பின் இரண்டு வடிவங்கள் உருவாகிவிடும். கீபாஸ்எக்ஸ்சியில் அவற்றை இணைக்கும் வசதி உண்டு, ஆனால் இணைக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அதை எல்லாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எதில் சேர்ந்தாலும் வெளியேறும் வழியை முதல் நாளே பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸின் லாக்வைஸ் செயலி 2021இல் நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் 2025 ஆகஸ்டுக்குப் பின் அந்தச் செயலியில் கிடைக்காமல் போயின. பெரிய நிறுவனத்துடையது என்பது நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி ஆகாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலோ மேலாளரிலோ சேமிக்கப்படும் மின்னணுத் திறவுகோல்களான பாஸ்கீகளைச் சேமிக்கத் தொடங்கும்போது இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் சாதாரண ஏற்றுமதிக் கோப்பில் அவை பல இடங்களில் வருவதில்லை. ஒரு மேலாளரிடமிருந்து இன்னொன்றுக்குப் பாதுகாப்பாக மாற்றுவதற்கான பொதுத் தரம் இப்போதுதான் பரவி வருகிறது.

மாறும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்றக் கணக்குகளின் மீட்பு இணைப்புகள் அங்கேதான் வருகின்றன. பிறகு வங்கி, கைப்பேசி எண்ணோடு இணைந்த கணக்குகள். மீதியை அந்தந்தத் தளத்துக்குள் நுழைய நேரும்போது மாற்றிக்கொள்ளலாம். பிரவுசரில் சேமித்திருப்பவற்றைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்துப் புதிய மேலாளருக்குள் ஏற்றும்போது, அந்தக் கோப்பு எவ்விதக் குறியாக்கமும் இல்லாத வெறும் எழுத்து என்பது நினைவிருக்கட்டும். அது பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். அந்தக் கோப்புறை கிளவுட் சேமிப்பகத்தோடு இணைந்திருந்தால் அங்கேயும் ஒரு நகல் போயிருக்கும். ஏற்றியவுடன் இரண்டு இடங்களிலும் அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், பின்னர் பிரவுசரில் உள்ள பழைய சேமிப்பை நீக்கி, சேமிக்கட்டுமா என்று அது கேட்பதையும் அணைத்துவிடுங்கள்.